மாத்தளை மிளகுக்கு எவ்வளவு வரி? வர்த்தக ஒப்பந்தங்களைப் படிக்கப் பழகுவோம்

இலங்கையின் மாத்தளையில் விளைந்த மிளகு, கொழும்புத் துறைமுகம் வழியாகத் தூத்துக்குடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியச் சுங்கத்தில் அதற்கு எவ்வளவு வரி?

70 சதவீதம் என்பது ஒரு பதில். 8 சதவீதம் என்பது இன்னொன்று. வரியே இல்லை என்பதும் சரியான பதில்தான். அந்த மிளகை இறக்குமதி செய்யவே கூடாது என்று ஒருவர் சொன்னால், அவரும் தவறாகச் சொல்லவில்லை. நான்கு பதில்களும் வெவ்வேறு ஆவணங்களில் இருக்கின்றன. எந்தச் சரக்குக்கு, எந்தத் தேதியில், என்ன நிபந்தனையோடு எந்த ஆவணம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதுதான் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆய்வில் பாதி வேலை.

"இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறதே, அப்புறம் ஏன் வரி?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒப்பந்தத்தின் பெயரையும் செய்தித்தாளில் வந்த கையெழுத்துப் படத்தையும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வர்த்தக ஒப்பந்தத்தின் உயிர் அதன் முன்பக்கங்களில் இருப்பதில்லை, பின்னிணைப்புகளில்தான் இருக்கிறது. மிளகை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

பொருளுக்கு ஓர் எண்

முதல் வேலை, பொருளின் எச்.எஸ். எண்ணைக் கண்டுபிடிப்பது. வணிகர்கள் 'எச்.எஸ். கோடு' என்பார்கள். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு தயாரித்த இந்த வகைப்பாடு 1988 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. உலகில் விற்கப்படும் பொருள் எதுவானாலும் அதற்கு ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைச் சொல்லும், நான்கு இலக்கங்கள் தலைப்பைச் சொல்லும், ஆறு இலக்கங்கள் துணைத் தலைப்பைச் சொல்லும். இந்த ஆறும் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு நீட்டிக்கொள்ளலாம். இந்தியா எட்டு இலக்கம் வரை போகிறது.

அத்தியாயம் 09 காபி, தேயிலை, மசாலாப் பொருட்களுக்கானது. மிளகு 0904 என்ற தலைப்பில் வரும். இடிக்காத, அரைக்காத முழு மிளகு 0904.11. மிளகுத்தூள் 0904.12. மிளகிலிருந்து எடுக்கும் சாறான ஓலியோரெசின் இந்த அத்தியாயத்திலேயே இல்லை, அது 33-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். திப்பிலி, மிளகோடு ஒரே ஆறு இலக்கத்தில் இருக்கிறது. தாவரவியலில் இரண்டும் ஒரே பேரினம் என்பதுதான் காரணம். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. காய்ந்த மிளகாயும் அதே 0904 தலைப்பில்தான் வருகிறது. மிளகைப் போல உறைக்கும் காய் என்று நம் முன்னோர் அதற்குப் பெயர் வைத்தார்கள். பிரஸ்ஸல்ஸ்காரர்களும் இரண்டையும் பக்கத்துப் பக்கத்திலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்.

எண் தப்பானால் அதற்குப் பின் நீங்கள் படிக்கும் எல்லாமே தப்பாகிவிடும். தேங்காய் எண்ணெய் வழக்கை நினைத்துப் பாருங்கள். சிறு பாட்டில்களில் விற்கும் சுத்தமான தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயா, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயா? முதலாவது என்றால் 1513, இரண்டாவது என்றால் 3305. வரி வித்தியாசம் பெரிது. சேலம் மத்திய கலால் ஆணையர் தரப்பிலிருந்து கிளம்பிய இந்த விவகாரத்துக்கு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில்தான் முடிவு சொன்னது. கூந்தல் எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்கப்படாத வரை, பாட்டில் சிறியது என்ற காரணத்துக்காக மட்டும் அதைக் கூந்தல் எண்ணெயாக்க முடியாது என்றது நீதிமன்றம். அது உள்நாட்டுக் கலால் வழக்குதான் என்றாலும், அங்கே சண்டை நடந்தது இதே எச்.எஸ். வகைப்பாட்டின் மேல்தான். நம் வீட்டுப் பாட்டிலுக்கே இத்தனை ஆண்டுகள் என்றால், ஒரு வேதிப்பொருளுக்கோ இயந்திர பாகத்துக்கோ எவ்வளவு கவனம் வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்குமான விகிதம்

எண் கிடைத்தது. அடுத்து, ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால் என்ன வரி என்று பார்க்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

1947 அக்டோபர் 30 அன்று ஜெனீவாவில் 23 நாடுகள் சுங்கவரி, வர்த்தகம் பற்றிய 'காட்' என்ற பொது ஒப்பந்தத்தை ஏற்றன. இந்தியாவும் அன்றைய சிலோனும் அந்த 23-இல் இருந்தன. அதன் முதல் பிரிவே அடிப்படை விதி: ஒரு நாட்டுக்குக் கொடுக்கும் சலுகையை மற்ற எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கொடுக்க வேண்டும். இதை எம்.எஃப்.என். விதி என்பார்கள், 'மிகவும் விரும்பத்தக்க நாடு' என்று தமிழில் எழுதுகிறோம். பெயர் ஏமாற்றக்கூடியது. கேட்டால் ஏதோ தனிச் சலுகை போல இருக்கும். உண்மையில் யாருக்கும் தனிச் சலுகை இல்லை என்பதுதான் அதன் பொருள். 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது, அந்தப் பழைய ஒப்பந்தமும் புதிய சட்டக் கட்டுக்குள் வந்தது. இன்று அதில் 166 உறுப்பினர்கள்.

இந்த விதிப்படி எல்லாருக்கும் பொதுவாக விதிக்கும் வரியே எம்.எஃப்.என். வரி. மிளகுக்கு இந்தியாவில் அது 70 சதவீதம். மேலே சொன்ன முதல் பதில் இதுதான்.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பில் ஒவ்வொரு நாடும் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறது. இந்தப் பொருளுக்கு இதற்கு மேல் வரி போட மாட்டேன் என்ற உறுதிமொழி அது. அது உச்சவரம்பு மட்டுமே. சுங்கத்தில் உண்மையாக வாங்கும் வரி அதைவிடக் குறைவாக இருக்கலாம். இந்தியா விவசாயப் பொருட்கள் பலவற்றுக்கு உச்சவரம்பை 100, 150, 300 சதவீதம் என்று உயரமாக வைத்திருக்கிறது. அதனால்தான் மத்திய அரசு சமையல் எண்ணெய் வரியை ஓர் ஆண்டில் பல தடவை ஏற்றி இறக்கினாலும் அதில் சர்வதேச விதிமீறல் எதுவும் இல்லை. வரியை ஏற்றியதுமே "உலக வர்த்தக அமைப்பின் விதியை மீறிவிட்டார்கள்" என்று எழுதுபவர்கள் அந்த அட்டவணையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, யாருக்கும் தனிச் சலுகை கூடாது என்றால் இரு நாட்டு ஒப்பந்தங்கள் எப்படிச் சாத்தியம்? 'காட்' ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு அதற்கு வாசல் திறந்து விட்டிருக்கிறது. இரு நாடுகள் தங்களுக்கிடையே கிட்டத்தட்ட முழு வர்த்தகத்துக்கும் வரியை நீக்கினால், அதை விதிவிலக்காக ஏற்கலாம். வளரும் நாடுகளுக்கு 1979-இல் இன்னும் தளர்வான ஏற்பாடு ஒன்று வந்தது. இந்திய–இலங்கை ஒப்பந்தம் அந்தத் தளர்வான வழியில்தான் நிற்கிறது. ஓர் ஒப்பந்தம் இந்த இரண்டில் எதன் கீழ் உலக வர்த்தக அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்டது என்று பார்ப்பது நல்ல பழக்கம். எவ்வளவு பொருட்களை அதிலிருந்து விலக்கி வைக்க முடியும் என்பது அதைப் பொறுத்தது. அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள பிராந்திய ஒப்பந்தத் தரவுத்தளத்தில் இது ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும்.

பின்னிணைப்பில் இருக்கும் சட்டம்

இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28 அன்று புது டெல்லியில் கையெழுத்தானது. பிரதமர் வாஜ்பாயும் அதிபர் சந்திரிகா குமாரதுங்கவும் கையெழுத்திட்டார்கள். 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தின் உடல் சின்னது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதைப் படித்து முடித்தாலும் மிளகுக்கு எவ்வளவு வரி என்று தெரியாது.

எதிர்மறைப் பட்டியல் என்று ஓர் இணைப்பு உண்டு. அதில் இருக்கும் பொருளுக்குச் சலுகை கிடையாது. தொடக்கத்தில் இந்தியாவின் பட்டியலில் 429 பொருட்கள், இலங்கையின் பட்டியலில் 1,180. சிறிய பொருளாதாரம் என்பதால் இலங்கைக்கு அதிகப் பாதுகாப்பும் நீண்ட அவகாசமும் கொடுக்கப்பட்டன. வேறு சில பொருட்களுக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கிறது. தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ, ஆயத்த ஆடைகளுக்கு 80 லட்சம் உருப்படி. மிளகுக்கான வரம்பு பின்னால் வந்தது: ஆண்டுக்கு 2,500 டன் வரை வரியில்லை. மூன்றாவதாகச் சொன்ன பதில் இதுதான்.

அந்த 2,500 டன் தீர்ந்துவிட்டால்? ஒரே இரு நாடுகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் சேர்ந்திருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் சாஃப்டா என்ற தெற்காசிய ஒப்பந்தத்திலும் இருக்கின்றன. அது 2004 ஜனவரியில் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தாகி 2006-இல் தொடங்கியது. அதன் வழியாக வந்த இலங்கை மிளகுக்கு 8 சதவீதம். இரண்டாவதாகச் சொன்ன பதிலும் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேறு, படிவம் வேறு, பிறப்பிட விதியும் வேறு. ஓர் ஒப்பந்தத்தின் சான்றிதழைக் காட்டி இன்னொன்றின் சலுகையைக் கேட்க முடியாது.

இது எங்கே பிறந்தது?

முழு விஷயத்திலும் சுவையான பகுதி இதுதான், சிக்கலானதும் இதுதான். இலங்கையிலிருந்து வந்தது என்பதும் இலங்கையில் பிறந்தது என்பதும் வேறு வேறு. சலுகை பிறப்புக்குத்தான். ஒப்பந்தங்களில் இதைத் தீர்மானிக்கும் பகுதியின் பெயர் பிறப்பிட விதிகள். வணிகர்கள் 'ரூல்ஸ் ஆஃப் ஆரிஜின்' என்றே சொல்வார்கள்.

விளைபொருளுக்கு விதி எளிது. அந்த மண்ணிலேயே விளைந்து, அங்கேயே அறுவடையாகியிருந்தால் போதும். தொழிற்சாலைப் பொருளுக்குத்தான் கணக்கு வருகிறது. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் வெளிநாட்டு மூலப்பொருளைக் கொண்டு ஒன்றைச் செய்தால், ஏற்றுமதி மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் உள்நாட்டில் சேர்ந்திருக்க வேண்டும். அத்துடன் மூலப்பொருளின் நான்கு இலக்க எண்ணும் முடிந்த பொருளின் நான்கு இலக்க எண்ணும் வேறாக இருக்க வேண்டும். இந்தியாவின் மூலப்பொருளைப் பயன்படுத்தினால் உள்நாட்டுப் பங்கு 25 சதவீதம் இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்து 35-ஐத் தொட வேண்டும்.

இந்த விதி ஏன் இவ்வளவு முக்கியம் என்று வனஸ்பதி கற்றுக்கொடுத்தது. அப்போது இந்தியாவில் பாமாயிலுக்கு இறக்குமதி வரி அதிகம். இலங்கையில் குறைவு. பாமாயிலை இலங்கைக்குக் கொண்டுபோய் அங்கே வனஸ்பதியாக்கினால், வரியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவரலாம் என்று தொழில்காரர்கள் கண்டுகொண்டார்கள். அவர்களில் இந்திய முதலீட்டாளர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகளிலேயே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. இந்திய உற்பத்தியாளர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் என்று வரம்பு போட்டார்கள். பாமாயில் பெரிதாக விளையாத தீவிலிருந்து இத்தனை வனஸ்பதி எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடை ஒப்பந்தத்தின் உடலில் இல்லை. இரு நாட்டு வரி விகிதங்களையும் பிறப்பிட விதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புரியும்.

மிளகிலும் இதே சந்தேகம் எழுந்தது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக உள்ளே வருகிறது என்று கேரளத்திலும் குடகிலும் மிளகு விவசாயிகள் புகார் சொன்னார்கள். விலை சரிந்தபோது அந்தக் கோபம் நியாயமானது. உண்மையான மாத்தளை விவசாயிக்கும் இதில் நட்டம்தான், அவர் பெயரில்தானே அந்த மிளகு வந்தது.

இந்தியா 2020-இல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதன் கீழ் 'கரோடார்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் விதிகள் அதே ஆண்டு செப்டம்பர் 21 முதல் அமலாகின. அதுவரை சான்றிதழைக் காட்டினால் பெரும்பாலும் போதும். இப்போது இறக்குமதியாளரே அந்தப் பொருள் எப்படி அந்த நாட்டில் பிறந்ததாகிறது என்ற தகவலைக் கையில் வைத்திருக்க வேண்டும், ஐந்தாண்டு பாதுகாக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தை மட்டும் படித்துவிட்டு ஆலோசனை சொல்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது.

ஜெனீவாவின் சட்டமும் நம் ஊர்ச் சட்டமும்

இந்தியாவில் அரசு ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதாலேயே அது நீதிமன்றத்தில் செல்லும் சட்டமாகிவிடாது. உள்நாட்டுச் சட்டமாகவோ அறிவிக்கையாகவோ வர வேண்டும். ஒப்பந்தங்களை நிறைவேற்றச் சட்டமியற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. வரிச் சலுகைகள் பெரும்பாலும் சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கையாக வரும். இலங்கை ஒப்பந்தத்துக்கான அறிவிக்கையின் எண் 26/2000-சுங்கம், தேதி 2000 மார்ச் 1. தூத்துக்குடியில் அதிகாரி கையில் வைத்திருப்பது இதைத்தான், 1998-இல் கையெழுத்தான தாளை அல்ல.

சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி 2007-இல் நேராகவே வந்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு உலக வர்த்தக அமைப்பின் ட்ரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று நோவார்ட்டிஸ் நிறுவனம் வாதிட்டது. பழைய மருந்தில் சின்ன மாற்றம் செய்து புதுக் காப்புரிமை வாங்குவதைத் தடுக்கும் பிரிவு அது. இந்தியச் சட்டம் ட்ரிப்ஸுக்கு முரணா என்று தீர்மானிக்கும் இடம் இதுவல்ல, அதற்கு உலக வர்த்தக அமைப்பிலேயே தகராறு தீர்க்கும் வழி இருக்கிறது என்று உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 6 அன்று சொன்னது. அந்த வழியில் நாடுகள்தான் போக முடியும், நிறுவனங்கள் போக முடியாது. வர்த்தகச் சட்டம் படிக்கத் தொடங்குபவர்கள் இந்தத் தீர்ப்பை முழுதாகவே படிக்கலாம்.

நான்காவது பதிலும் உள்நாட்டுச் சட்டத்தில்தான் இருக்கிறது. 2017 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் மிளகுக்குக் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2018 மார்ச்சில் அதை இறுக்கி, அந்த விலைக்குக் கீழே வரும் மிளகின் இறக்குமதியைத் தடையே செய்தது. இது வரி அறிவிக்கையில் இருக்காது. வரியைச் சொல்வது சுங்க வாரியம், அனுமதியைச் சொல்வது இந்த இயக்குநரகம். இரண்டு தளங்களையும் பார்க்காமல் எந்தப் பதிலையும் உறுதியாகச் சொல்லாதீர்கள்.

தகராறு அறிக்கைகளைப் படிப்பது

விதியின் சொல்லுக்கு என்ன பொருள் என்று சண்டை வந்தால் உலக வர்த்தக அமைப்பின் அறிக்கைகளுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் டி.எஸ். என்று தொடங்கும் எண் உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்று மட்டும் இருந்தால் அது நடுவர் குழுவின் அறிக்கை, 'ஏபி/ஆர்' என்று இருந்தால் மேல்முறையீட்டு அமைப்பின் அறிக்கை. இந்தக் குறியீடுகள் பழகிவிட்டால் ஆயிரக்கணக்கான ஆவணங்களில் வேண்டியதை எடுத்துவிடலாம்.

முதலில் படிக்க ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் டி.எஸ்.58-ஐச் சொல்வேன். இறால்–கடலாமை வழக்கு. ஆமை தப்பிச் செல்லும் கருவி பொருத்தாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து 1996-இல் வழக்குத் தொடுத்தன. சென்னைக் கடற்கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வழக்கின் கனம் எளிதில் புரியும். அமெரிக்கா தோற்றது. உடனே "ஆமைகளுக்கு எதிரான தீர்ப்பு" என்று எழுதினார்கள். 1998 அக்டோபரில் வந்த மேல்முறையீட்டு அறிக்கையில் அப்படி இல்லை. கடலாமைகள் 'காட்' ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவு சொல்லும் 'தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம்'தான், அவற்றைக் காக்க நடவடிக்கை எடுக்கலாம் என்றே அது சொன்னது. தவறு நடைமுறையில் இருந்தது. கரீபியப் பகுதி நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசமும் பேச்சுவார்த்தையும் கொடுத்துவிட்டு, ஆசிய நாடுகளுக்குச் சில மாதங்களே கொடுத்தார்கள். அந்தப் பாரபட்சத்தைத்தான் அறிக்கை ஏற்கவில்லை. அமெரிக்கா நடைமுறையைத் திருத்தியபின் மலேசியா மறுபடி போனது. 2001-இல் அமெரிக்காவின் பக்கமே தீர்ப்பு வந்தது.

ஓர் அறிக்கையை மேற்கோள் காட்டும் முன் அது ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். புது நியமனங்களை அமெரிக்கா தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமைப்பு முடங்கிக் கிடக்கிறது. கரும்பு விலை, சர்க்கரை ஏற்றுமதி மானியம் தொடர்பாகப் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா தொடுத்த வழக்குகளில் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு எதிராக அறிக்கை வந்தது. அதை எதிர்த்து இந்தியா மேல்முறையீடு செய்தது. கேட்க ஆளில்லாததால் அது அப்படியே தொங்குகிறது. ஏற்கப்படாத அந்த அறிக்கையைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பைப் போலக் காட்டி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன்.

மிளகுக்குத் திரும்புவோம். கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த விலை என்றால் உள்ளே வராது. விலை சரியாக இருந்து, மாத்தளையில் விளைந்தது என்று இந்திய–இலங்கை ஒப்பந்தச் சான்றிதழும் தோட்ட விவரமும் இருந்து, அந்த ஆண்டின் 2,500 டன்னும் தீராமல் இருந்தால் வரியில்லை. தீர்ந்துவிட்டால் சாஃப்டா சான்றிதழோடு 8. எந்தச் சான்றிதழும் இல்லையென்றால் 70. இதில் எந்த எண்ணும் அடுத்த பட்ஜெட்டில் மாறலாம், அறிவிக்கைகள் நடு ஆண்டிலும் திருத்தப்படும். ஆகவே யாருக்கும் பதில் சொல்லும் முன் சுங்க வாரியத்தின் தளத்தில் 26/2000-ஐத் திறந்து, கீழே போய், கடைசித் திருத்தத்தின் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.